துண்டுக்குள் பேச்சு

பிப்ரவரி 5, புதன்

உரக்கடைக்காரன் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். என் பெண்டாட்டி பஞ்சவர்ணம் இதை அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். இன்று பிடுங்கிக்கொண்டேன். "வாயால போகாதத எழுத்துல எறக்கி வைங்க சார்" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இறக்கி வைக்க இது என்ன நெல் மூட்டையா என்று அப்போது கோபம் வந்தது. இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை, எழுதுகிறேன்.

எழுதுகிறவன் பொன்னழகு, மணப்பாறை மாட்டுச் சந்தைத் தரகன். தரகனாக இருந்தவன் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. போன வருஷம் தை மாதம் என் குரல்வளையை அறுத்து எடுத்துவிட்டார்கள். புற்று. அதற்குப் பிறகு கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருக்கிறது, சோறு தின்ன.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனேன். புளியமரத்தடியில் நின்றேன். புதிதாக வந்த தரகன் ஒருவன் ஆறு பல் போட்ட மாட்டை வயதைக் குறைத்து நாலு பல் என்று கூவிக்கொண்டிருந்தான். திருத்தலாமென்று வாயைத் திறந்தேன். துண்டுக்கு அடியிலிருந்து காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. "பெரியவரே, ஓரமா நில்லுங்க, மாடு முட்டிறப்போவுது" என்றான். முப்பது வருஷம் அந்தச் சந்தையில் என் சத்தம் கேட்டு மாடே ஒதுங்கும்.

வீட்டுக்கு வந்து போனில், முச்சந்தியில் எழுதினேன்: "இன்று சந்தையில் தொண்டை கிழியக் கத்தி ஒரு ஜோடியை முடித்துக் கொடுத்தேன்." நாற்பது பேருக்கு மேல் லைக் போட்டார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

கழுத்து ஓட்டையில் இருக்கும் டியூபைக் கழற்றி வெந்நீரில் கழுவினேன். மாட்டுக்கு வைக்கோல் வந்து இறங்கியது. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முச்சந்தி என்பது இணையத்தில் இருக்கும் மன்றம். தமிழில் எழுதத் தெரிந்த சனம் லட்சக்கணக்கில் அங்கே கூடுகிறது. மகள் தேன்மொழிதான் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஒருவன் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் அதற்குத் திரி என்று பெயர். ஒரு திரியில் வேப்பம்புண்ணாக்கு நல்லதா கெட்டதா என்று சண்டை நடக்கும். அடுத்த திரியில் ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி எழுதி அழுவாள். ஊர் பேர் தெரியாத முந்நூறு பேர் அந்த மாமியாரைக் காய்ச்சி எடுப்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இது ஊருக்கும் மேலே.

அங்கே என் பெயர் ராஜசுழி. ராஜசுழி என்ற அதிர்ஷ்டச் சுழி உள்ள மாட்டை யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை. மாடு, அரசியல், மழை, எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்வேன். "ராஜசுழி அண்ணனுக்குக் குரல் எப்படி இருக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். "வெண்கலம்" என்றேன். பொய்யில்லை, இருந்தது.

காலையில் பஞ்சவர்ணம் கேட்டாள்: "எந்நேரமும் அதுலயே குனிஞ்சு கெடக்கீங்களே, அப்புடி என்னதாங்க இருக்கு அந்தப் போனுல?"

சிலேட்டை எடுத்து எழுதினேன்: "அங்க ஒருத்தரும் என் கழுத்தப் பாக்கறதில்ல."

அவள் படித்துவிட்டுச் சிலேட்டை முந்தானையால் துடைத்தாள். எழுத்தெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் எழுத எழுத அழிகிறது. முச்சந்தியில் எழுதினால் நிற்கிறது. அதையும் எழுதிக் காட்டியிருக்கலாம்.

காதுக்குக் கீழே சின்னதாக ஒரு வீக்கம். துண்டு உரசியிருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

முச்சந்தியில் 'படிக்கட்டு' என்ற பெயரில் ஒருவர் புதிதாகத் திரி தொடங்கியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நான் பஸ் கண்டக்டர். திருவாரூர்ப் பக்கம். தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால் பிழைக்கலாம், எடுக்காவிட்டால் அதிக நாள் இல்லை என்கிறார் டாக்டர். எனக்கு ஒரே மகள், எட்டு வயது. பிறந்ததிலிருந்து கண் தெரியாது. அவள் என்னைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். குரல் போன பிறகு அவளுக்கு நான் யார்? பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று இருப்பாள். அதற்குப் பதில் குரலோடு போய்விட்டால் அப்பா குரல் இப்படி இருந்தது என்றாவது ஞாபகம் வைத்திருப்பாள். இங்கே இத்தனை பேர் இருக்கிறீர்கள். யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து, கறவை மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்ட ஒருவருக்கு நீளமாகப் பதில் எழுதினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கொட்டகையைக் கூட்டினேன். சாணம் அள்ளினேன். படிக்கட்டுக்கு ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

படிக்கட்டின் திரியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்கிறார். ஒருவர் எல்லாம் கர்மவினை என்று எழுதி நூறு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண், "இப்போதே உங்கள் குரலைப் பதிவு செய்து வையுங்கள், கதை, தாலாட்டு, எல்லாம்" என்று எழுதியிருந்தார். அது நல்ல யோசனை. யாரோ ஒரு வைத்தியரின் முகவரியைக் கொடுத்து, "கத்தியே வேண்டாம், ஒரு மண்டலம் பொடி சாப்பிட்டால் கட்டி கரையும்" என்கிறார். படிக்கட்டு அவருக்கு நன்றி சொல்லி, அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொடி தின்று நாளைக் கடத்தியவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். உடனே எழுதினேன்: "தம்பி, பொடி வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே ஆப்பரேஷன் ஆனது. நன்றாக இருக்கிறார். நாளைக் கடத்தாதே."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "தெரிஞ்சவர் கதை எல்லார்கிட்டயும் இருக்கு அண்ணே. டிக்கெட் எடுக்காதவன்கூட தெரிஞ்சவர் பேரைத்தான் சொல்வான். கழுத்தில் ஓட்டை இருக்கிற ஒருத்தர் வந்து சொல்லட்டும், கேட்கிறேன்."

சாப்பிடக் கூப்பிட்டாள் பஞ்சவர்ணம். பசிக்கவில்லை என்று கை காட்டினேன். "யாரு என்ன சொன்னா அதுல? மூஞ்சி இப்புடிச் சிறுத்துக் கெடக்கு" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 19, புதன்

சந்தை. இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையையும் சேர்த்து ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். உள்ளங்கையில் கீறினால் 'என்ன சொல்கிறாய்' என்று அர்த்தம். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரம். விரலின் கணுவுக்கு ஒரு கணக்கு. மணிக்கட்டை அழுத்தினால் சம்மதம். கட்டாது என்றால் கையை உருவிவிட வேண்டும். தரகனுக்குத் தரகன் கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று மாறாது. வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம், துண்டுக்குள் சொல்லக் கூடாது. முடியாத விலைக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றவனை அடுத்த சந்தையில் ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

புளியமரத்தடியில் நின்றேன். மாட்டு வியாபாரி யூசுப் பாய் வந்தார். இருபது வருஷப் பழக்கம், குரல் போன பிறகு என்னைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் சலாம் வைத்துவிட்டுப் போய்விடுவார். இன்று விற்க ஒரு மயிலைக் காளையைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, சட்டென்று என் கையை இழுத்துத் தன் துண்டைப் போட்டு மூடினார். தான் கேட்கும் விலையை விரலில் பிடித்துக் காட்டி, உள்ளங்கையில் கீறினார். காளையைப் பார்த்தேன். நடையில் பின்னங்கால் இழுக்கிறது. அவர் கேட்ட விலையில் மூன்று விரலைக் குறைத்துப் பிடித்தேன். ஏன் என்று மறுபடி கீறினார். என் கட்டை விரலால் அவர் விரலை லேசாக இழுத்துக் காட்டினேன். அவர் காளையின் காலைப் பார்த்தார். என் மணிக்கட்டை அழுத்தினார்.

"அடப்பாவி பொன்னழகு, நீ அப்புடியேதாய்யா இருக்க!" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், எழுதுவதில் என்ன வெட்கம்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கண் தெரியாத பிள்ளைதான் ஞாபகத்தில் நின்றது. துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்கும்தான் கண் தெரியாது. காதும் வேண்டியதில்லை.

ஆனால் இதைப் படிக்கட்டுக்குச் சொல்ல வேண்டுமென்றால் யார் சொல்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். முச்சந்தியில் எனக்கு வெண்கலக் குரல்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதிவிட்டேன்.

"தம்பி படிக்கட்டு, கழுத்தில் ஓட்டை இருக்கிறவன் எழுதுகிறேன். தெரிந்த ஒருவர் என்று சொன்னது என்னைத்தான். ஒரு வருஷமாக எனக்குக் குரல் இல்லை. இங்கே நான் சந்தையில் கத்தியதாக எழுதியதெல்லாம் பழைய கதை. ஆப்பரேஷனுக்குப் பிறகு சுகமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சளி கழுத்து வழியாக வரும். குளிக்கும்போது ஓட்டையில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் இருக்கிறது, டப்பாவுக்குள்ளிருந்து வண்டு கத்துகிற மாதிரி வரும். அதை அப்பா என்று பிள்ளை ஏற்றுக்கொள்ள நாளாகும். ஆனால் உன் மகளுக்குக் கை இருக்கிறது, உனக்கும் கை இருக்கிறது..." என்று தொடங்கி, துண்டுக்குள் பேசுவதை எல்லாம் எழுதினேன். கடைசியில், "உன் மகளுக்கு உன் குரல் மட்டும் போதுமென்றால் அதைப் போனில் பிடித்து வைத்துவிட்டுப் போ. அப்பன் வேண்டுமென்றால் கத்திக்குப் போ" என்று முடித்தேன்.

அனுப்பிவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

"அப்போ இத்தனை நாள் அளந்ததெல்லாம் புளுகா?" என்று ஒருவர். "அனுதாபம் தேடுகிறார், நம்பாதீர்கள்" என்று இன்னொருவர். "மாடாவது உண்டா?" என்று ஒரு நக்கல். மன்றத்தைக் கண்காணிக்கிற மட்டுறுத்துநர் வந்து சண்டையை நிறுத்தினார். நிறையப் பேர் அன்பாகவும் எழுதியிருந்தார்கள். ஆனால் நேற்றுவரை "அண்ணே, சும்மா இருங்கண்ணே" என்று என்னோடு மல்லுக்கு நின்றவர்கள் இன்று "ஐயா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அதுதான் வலித்தது. ராஜசுழியையும் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

என் குரல் எப்படி இருக்கும் என்று கேட்ட பையன் ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 22, சனி

படிக்கட்டு தனி மடல் அனுப்பியிருக்கிறார். "கத்துக்குடுங்கண்ணே. அதுக்கப்புறம் முடிவு பண்றேன்."

பிப்ரவரி 26, புதன்

சந்தைக்குப் போகவில்லை. கையால் பேசுவதை எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுப்பது நீச்சலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பது மாதிரி. விலை பேசத்தான் எங்களுக்குத் தெரியும், பிள்ளையோடு என்ன விலை பேசுவது? அதனால் விரலுக்கு ஒரு சொல் வைத்தேன். ஆள்காட்டி விரலை முழுசாகப் பிடித்தால் 'நான் இங்கேதான் இருக்கேன்'. நடுவிரல் 'சாப்பிட்டியா'. கட்டை விரல் 'போகலாம் வா'. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொல். உள்ளங்கையில் கீறினால் கேள்வி. மணிக்கட்டை அழுத்தினால் ஆமாம். கையை உருவினால் இல்லை. இரண்டு கையிலும் சேர்த்தால் முப்பது சொல்லுக்கு மேல் வரும். புருஷன் பெண்டாட்டி ஒரு நாளில் பேசிக்கொள்வதற்கு அது தாராளம்.

சொல்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கை வேண்டியிருந்தது. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டேன்.

"எனக்கு வேல கெடக்கு" என்றாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். துண்டைப் போட்டேன். அவள் கையை இப்படிப் பிடித்து எத்தனை வருஷம் இருக்கும்? நடுவிரலைப் பிடித்தேன். "சாப்புட்டேன், சாப்புட்டேன்" என்று சிரித்தாள். வாயால் சொல்லக் கூடாது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மணிக்கட்டை அழுத்தினாள். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

பிறகு அவள் கேட்டாள்: "இதுக்குள்ள பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்வீகளே, நெசமா?"

மணிக்கட்டை அழுத்தினேன்.

"அப்ப நாங் கேக்கறேன். காதுக்குக் கீழ இருக்கற அந்தக் கட்டி வலிக்குதா? எத்தன வெரலுக்கு வலிக்குது?"

உள்ளங்கையில் கீறினாள். காத்திருந்தாள். உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. பொங்கி வழியப் போகிறது என்று கண்ணைக் காட்டிவிட்டுக் கையை உருவிக்கொண்டேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உலையை இறக்கிய சத்தம் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

படிக்கட்டின் உண்மைப் பெயர் கலியமூர்த்தி. மகள் பெயர் இலக்கியா. "உங்க பாஷைய நான் ஒரு வாரமா மனப்பாடம் பண்றேன், அவ ரெண்டு நாள்ல முடிச்சிட்டா. நீங்க குடுத்தது பத்தாதுன்னு அவளே புதுசா சேக்குறா. சுண்டு விரல் நுனியைக் கிள்ளினா 'அம்மா கோவமா இருக்கு'ன்னு அர்த்தமாம்." படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்குச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. தோள்பட்டை குலுங்கியதைப் பார்த்துப் பஞ்சவர்ணம் மூச்சுத்திணறல் என்று பயந்து ஓடி வந்தாள்.

ஆப்பரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். வரும் புதன்கிழமைக்கு அடுத்த புதன்.

மார்ச் 11, செவ்வாய்

கலியமூர்த்தி தன் குரலைப் பதிவு செய்து முச்சந்தியில் போட்டிருக்கிறார். கதையுமில்லை, தாலாட்டுமில்லை. அவர் வண்டி போகும் வழியில் இருக்கும் ஊர்ப் பெயரையெல்லாம் வரிசையாகக் கூவியிருக்கிறார். "எறங்குறவங்கள்லாம் முன்னாடி வாங்க, படியில நிக்காதீங்க தம்பி, உள்ள ஏறு!" இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு அதே வண்டியில்தான் வீட்டுக்கு வருமாம். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எந்த ஊர் வந்தது என்று அதற்குத் தெரியுமாம். கடைசியில் அவர் ஊர்ப் பெயர் வருகிறது. அதற்குப் பிறகு, "இலக்கியா, எறங்கு தாயி. அப்பா புடிச்சுக்கறேன்."

ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் குரல் எந்தப் போனிலும் இல்லை. பஞ்சவர்ணத்தின் காதில் கொஞ்சம் இருக்கலாம்.

மார்ச் 12, புதன்

இன்று அவருக்கு ஆப்பரேஷன். சாமி கும்பிட்டேன். சந்தைக்கும் போகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. சாப்பாடு இறங்காதது அதனால்தான்.

மார்ச் 17, திங்கள்

கலியமூர்த்தி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறார்:

"அண்ணே, நேத்து பாப்பா வந்தா. வார்டுல ஒரே சத்தம். அவளுக்கு நான் எந்தக் கட்டில்னு தெரியல. 'அப்பா, அப்பா'ன்னு கூப்புடுறா. எனக்குப் பதில் சொல்ல முடியல. அந்த நிமிஷம் செத்திருக்கலாம்னு தோணுச்சு. அவங்க அம்மா கையைப் பிடிச்சுக் கொண்டாந்து என் கையில வச்சா. போர்வைக்குள்ள அவ ஆள்காட்டி விரலைப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் அசையல. அப்புறம் என் மணிக்கட்டை அமுக்கினா. பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட சத்தமா, 'எங்கப்பா இங்கதான் இருக்கேன்னு சொல்றாரு'ன்னா."

பஞ்சவர்ணத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஊர்ல இருக்கறவுகளுக்கெல்லாம் நாளக் கடத்தாதேன்னு சொல்றீக" என்றாள். உடனே தேன்மொழிக்குப் போன் போட்டாள்.

மார்ச் 24, திங்கள்

திருச்சி ஆஸ்பத்திரி. தேன்மொழி லீவு போட்டு வந்திருந்தாள். படம் எடுத்தார்கள், ஊசி குத்திப் பார்த்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். என்னிடம் பேசும்போது என் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசினார். மறுபடி அறுக்க இடமில்லையாம். மருந்து கொடுத்துப் பார்க்கலாமாம்.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடமும் பஞ்சவர்ணத்திடமும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ரெண்டு மாசம்னு வச்சுக்குங்கம்மா" என்றார். தொண்டைதான் போனது, எனக்குக் காது நன்றாகவே இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் நல்ல வெயில் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல வெயில்தான்.

ஏப்ரல் 2, புதன்

முச்சந்தியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நீளமாக எழுதினேன். குரல் எப்படி என்று கேட்ட அந்தப் பையன் இன்று எழுதியிருந்தான்: "அண்ணே, அந்தத் தேர்தல் திரியில் எங்களை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போரடிக்குது. வந்து திட்டுங்க." போய்த் திட்டினேன். கொஞ்சம் உயிர் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சி. சித்திரை பிறக்கப் போகிறது, வாழைப்பழம் வாங்கக்கூட நான் கடைக்குப் போகவில்லை.

முன்பு பஞ்சவர்ணம் கேட்டாளே, அந்தப் போனில் என்ன இருக்கிறது என்று. இன்றைக்குக் கேட்டால் வேறு பதில் சொல்வேன். பத்து மாடு வருகிற சந்தைக்கு யாரும் வெளியூரிலிருந்து வர மாட்டார்கள். ஆயிரம் மாடு வரும் சந்தையில்தான் நமக்கு வேண்டிய அந்த ஒரு மாடு நிற்கும். மற்றதெல்லாம் சாணமும் புழுதியும் கூச்சலும்தான். ஆனால் அவ்வளவு கூச்சல் இருந்தால்தான் அந்த ஒன்று வரும். திருவாரூர் கண்டக்டருக்கு மணப்பாறை மாட்டுத் தரகனை வேறு எங்கே பிடிக்க முடியும்?

அவள் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் போனை எடுத்தால் அவளே கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மூச்சு வாங்குகிறது. முச்சந்திக்குப் போகவில்லை.

மே 1, வியாழன்

பேனா பிடிக்கக் கை வலிக்கிறது. போகவில்லை.

மே 7, புதன்

இன்று தலையணை வைத்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணி இருக்கும். வாசலில் யூசுப் பாய் குரல் கேட்டது: "பொன்னழகு, ஒன்னயத் தேடிச் சந்தைக்கே ஆளு வந்திருச்சுய்யா!" பின்னால் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய ஒல்லியான ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாவாடை சட்டை போட்ட ஒரு பிள்ளை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. முச்சந்தியில் என்னைக் காணோம் என்று கலியமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. ஊர்ப் பெயரும் சந்தை நாளும் தெரியும், புறப்பட்டு வந்துவிட்டார். சந்தைக்குள் போய், தொண்டையில் ஓட்டை உள்ள தரகர் வீடு எது என்று எழுதிக் காட்டினாராம்.

என்னைக் கண்டதும் கலியமூர்த்தி நின்றுவிட்டார். என்னைப் பார்த்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியாது.

இரண்டு பேருக்கும் குரல் இல்லை, இருப்பது ஒரு சிலேட்டு. அவர் போனை எடுத்தார், நானும் எடுத்தேன். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு முச்சந்திக்குள் போய்த் தனி மடலில் பேசிக்கொண்டோம். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" "இருக்கேன் தம்பி. வழியில சாப்பிட்டீங்களா?" யூசுப் பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பஞ்சவர்ணமும் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

பிள்ளை தடவிக்கொண்டு கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "பெரியப்பா, துண்டு எங்க?" என்றது. கழுத்தில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதுவே என் கையை மடியில் எடுத்து வைத்துப் போர்த்தியது. ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். நான் இங்கேதான் இருக்கேன். மணிக்கட்டை அழுத்தியது. சின்னக் கை, சூடாக இருந்தது. நடுவிரலைப் பிடித்துக் கேட்டேன். "இட்லி" என்று வாயால் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இப்படியே போனது. எனக்கு வலி மறந்துபோனது. இதுவும் பொய்யில்லை.

பிறகு பிள்ளை சொன்னது: "பெரியப்பா, எங்க ஊர்ல ஆடி மாசம் தீமிதி. நீங்க வரணும். எத்தன வாரத்துல வருவீங்க? வாயால சொன்னா பொய் சொல்வாங்களாம். இதுலதான் சொல்ல முடியாதாம், அப்பா சொல்லிச்சு. இதுல சொல்லுங்க."

உள்ளங்கையில் கீறியது.

பஞ்சவர்ணம் காப்பி டம்ளரோடு கதவருகில் நின்றுவிட்டாள். கலியமூர்த்தி தரையைப் பார்த்தார்.

பிடிக்க எனக்கு ஒரு விரலும் இல்லை. என் கை சும்மா இருந்தது. பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு, இந்தக் கிழவனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்ததோ என்னவோ, துண்டுக்குள் என் இன்னொரு கையையும் இழுத்து வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்துப் பிடித்தது. பத்து விரலும் அதன் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டது.

"பத்து வாரம். சரியா பெரியப்பா?"

முப்பது வருஷத்தில் துண்டுக்குள் நான் ஒரு பொய் சொன்னதில்லை. கட்டாத விலைக்குக் கையை உருவிவிட வேண்டும், அதுதான் தொழில். பஞ்சவர்ணம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு நாள் உருவிக்கொண்டவன்தான் நான்.

இன்று கையை உருவவில்லை.